மீட்கத் தக்க நகல்

நுழையும்முன்

பனையோலை நூல் செல்லரிக்கும் முன்பே அதனைப் புதிய ஓலையில் படியெடுத்து வைப்பது தமிழர் வழக்கமாக இருந்தது. ஏடுகள் இருந்த இடத்தில் இன்று கணினித் தரவுத்தளங்கள் இருக்கின்றன. படியெடுக்கும் தேவை மட்டும் மாறவில்லை. எத்தகைய நகலை எடுப்பது, எவ்வளவு இடைவெளியில் எடுப்பது, எங்கே வைப்பது, அதிலிருந்து இழந்ததை எவ்வாறு மீட்பது என்பவற்றை ஓர் உண்மை நிகழ்வின் வழியாக விளக்குகிறது இக்கட்டுரை.

எழுத்தே நிகழ்வாகும் காலம்

தொடர்வண்டிப் பயணத்திற்கு முன்பதிவு செய்யும்பொழுது ஓர் இருக்கை எண் ஒருவர் பெயருக்கு மாறுகிறது. வங்கியில் பணம் அனுப்பும்பொழுது ஒரு கணக்கில் ஓர் எண் குறைந்து மற்றொரு கணக்கில் கூடுகிறது. முன்பெல்லாம் இத்தகைய செயல்களுக்குச் சான்றாகத் தாள் இருந்தது. பேரேட்டில் மையெழுத்து இருந்தது. இப்போது பெரும்பாலான இடங்களில் தரவுத்தளத்தில் பதிவாகும் ஒரு வரியே முழுச் சான்று. அவ்வரி அழிந்தால் பயணி இருக்கையை இழப்பார். பணம் செலுத்தியவர் செலுத்தாதவர் ஆவார்.

வரிசை வரிசையாக ஒழுங்குபடுத்தப்பட்டு, கேட்ட நொடியில் தேடித் தரத்தக்க வகையில் சேமிக்கப்பட்ட செய்திகளின் தொகுப்பே தரவுத்தளம். அதனைத் தாங்கி, நாள் முழுவதும் இயங்கும் கணினி வழங்கி எனப்படும். வழங்கியின் வன்தட்டு பழுதாகலாம்; மென்பொருளில் பிழை நேரலாம்; தீ, வெள்ளம் முதலியன கட்டடத்தையே அழிக்கலாம்; தீயோர் ஊடுருவலாம். இவை எல்லாவற்றினும் அடிக்கடி நேர்வது ஒன்றுண்டு. அது களைத்துப்போன மனிதர் ஒருவர் தவறான இடத்தில் தட்டச்சு செய்யும் ஒரு சிறு ஆணை.

ஓர் இரவில் நேர்ந்தது

மென்பொருள் எழுதுவோர் தம் நிரல்களைச் சேமித்து, பிறருடன் சேர்ந்து திருத்துவதற்கு இடந்தரும் நிறுவனம் கிட்லேப். 2017ஆம் ஆண்டு சனவரி 31ஆம் நாள், அதன் தரவுத்தளம் வழக்கத்திற்கு மீறிய சுமையால் தடுமாறிக் கொண்டிருந்தது. அந்நிறுவனத்திடம் இரண்டு தரவுத்தள வழங்கிகள் இருந்தன. முதன்மை வழங்கி பயனர்களுக்குப் பணியாற்றியது. துணை வழங்கி, முதன்மையில் நிகழும் ஒவ்வொரு மாற்றத்தையும் உடனுக்குடன் தன்னிடத்தும் செய்துகொண்டு, முதன்மை வீழ்ந்தால் அதன் இடத்தை ஏற்கக் காத்திருந்தது.

அன்றிரவு சுமை மிகுந்ததால் துணை வழங்கி பின்தங்கியது. அது படித்துக்கொள்ள வேண்டிய மாற்றப் பதிவுகளை, அது படிக்கும் முன்பே முதன்மை வழங்கி நீக்கிவிட்டது. இனித் துணை வழங்கியில் உள்ளவற்றை முற்றிலும் துடைத்துவிட்டு, முதன்மையிலிருந்து புதிதாக நகலெடுப்பதே வழி. பொறியாளர் ஒருவர் அதற்கு முயன்றார். நகலெடுக்கும் கருவி எந்த மறுமொழியும் தராமல் நின்றது. துணை வழங்கியின் கோப்பகத்தை நீக்கினால் தடை அகலலாம் என எண்ணி, உலகப் பொது நேரப்படி இரவு ஏறத்தாழ 11.30 மணிக்கு, நீக்கும் ஆணையை அவர் இட்டார். ஆணை சென்றது துணை வழங்கிக்கு அன்று, முதன்மை வழங்கிக்கு!

ஓரிரு விநாடிகளில் பிழையை உணர்ந்து அவர் ஆணையை நிறுத்தினார். அதற்குள் ஏறத்தாழ 300 ஜிகாபைட் தரவு மறைந்து, 4.5 ஜிகாபைட் மட்டுமே எஞ்சியிருந்தது. துணை வழங்கியிலோ முன்னரே எல்லாம் துடைக்கப்பட்டிருந்தது.

காப்புநகல் இருக்கிறதே என்று அனைவரும் அதனைத் தேடினர். நாள்தோறும் ஒருமுறை தரவுத்தளம் முழுவதையும் எழுதி, வேறொரு நிறுவனத்தின் சேமிப்பகத்திற்கு அனுப்பும் ஏற்பாடு இருந்தது. சேமிப்பகத்தைத் திறந்து பார்த்தால் அது வெறுமையாக இருந்தது. தரவுத்தளம் போஸ்ட்கிரெஸ் மென்பொருளின் 9.6ஆம் பதிப்பில் இயங்க, நகலெடுக்கும் கருவியோ 9.2ஆம் பதிப்பாக இருந்தது. பதிப்பு பொருந்தாமையால் அக்கருவி பிழையுடன் நின்றுவிட்டிருந்தது. பிழை நேர்ந்ததை அறிவிக்கும் மின்னஞ்சல்களும் உரிய சான்றொப்பம் இன்மையால் ஏற்கப்படாமல் தள்ளப்பட்டிருந்தன. காவலர் உறங்கியதோடு, அவர் உறங்குவதைச் சொல்ல வேண்டிய மணியும் ஒலிக்காத நிலை இது. வன்தட்டை அப்படியே படிமம் எடுக்கும் வசதி வேறு சில வழங்கிகளுக்கு இயக்கப்பட்டிருந்தது. தரவுத்தள வழங்கிகளுக்கு மற்ற ஏற்பாடுகளே போதும் எனக் கருதியதால் இயக்கப்படவில்லை.

இறுதியில் காத்தது ஒரு தற்செயல். அன்று மாலை 5.20 மணியளவில், சோதனைப் பணி ஒன்றிற்காக அதே பொறியாளர் தரவுத்தளத்தின் படிமம் ஒன்றைத் தம் கையால் எடுத்துச் சோதனை வழங்கியில் ஏற்றியிருந்தார். அவர் அதை எடுத்திராவிடின் 24 மணி நேரத்திற்கு ஒருமுறை தானாக எடுக்கப்படும் பழைய படிமமே மிஞ்சியிருக்கும். சோதனை வழங்கியின் தட்டுகள் மெதுவானவை ஆதலால், அங்கிருந்து தரவைத் திரும்பக் கொண்டுவருவதற்கே ஏறத்தாழ 18 மணி நேரம் ஆயிற்று. நிறுவனம் இம்மீட்புப் பணியை மறைக்கவில்லை. யூடியூபில் நேரலையாகவே ஒளிபரப்பியது. பயனர்கள் எழுதிய நிரல்கள் தனியே சேமிக்கப்பட்டிருந்ததால் தப்பின. ஆயினும் மாலை 5.20க்குப் பின் உருவான திட்டப்பதிவுகள், கருத்துரைகள், புதிய பயனர் கணக்குகள் போயின. ஏறத்தாழ 5,000 திட்டங்களும் 5,000 கருத்துரைகளும் 700 பயனர் கணக்குகளும் பாதிக்கப்பட்டதாக நிறுவனம் பின்னர் மதிப்பிட்டது.

இரண்டு வினாக்கள்

அந்நிறுவனத்திடம் காப்புநகல் முறைகள் பல இருந்தன. எனினும் அவற்றுள் எதுவும் மீட்பை நோக்கித் தேர்ந்தெடுக்கப்பட்டு, செய்து பார்க்கப்பட்டதாக இல்லை. காப்புநகல் முறையைத் தேர்வோர் பெரும்பாலும் 'நகலை எப்படி எடுப்பது' என்பதிலிருந்து தொடங்குகின்றனர். அது தலைகீழான தொடக்கம். அழிவு நேர்ந்த மறுநாள் காலையை முதலில் மனத்தில் நிறுத்தி, அங்கிருந்து பின்னோக்கி வருவதே சரியான வழி.

அக்காலையில் எழும் முதல் வினா, எவ்வளவு நேரத்துத் தரவை இழந்தால் தாங்க முடியும் என்பது. இதனை இழப்பு எல்லை எனலாம். இரண்டாம் வினா, எவ்வளவு நேரத்திற்குள் பணி மீண்டும் தொடங்க வேண்டும் என்பது. இதனை மீட்பு நேர எல்லை எனலாம். இவ்விரண்டும் ஒன்றுபோல் தோன்றினும் வேறானவை. ஒரு கல்லூரி நூலகத்தில் ஒரு நாள் பதிவு அழிந்தால், நூல் பெற்றோரைக் கேட்டு மறுபடி எழுதிக்கொள்ளலாம். இரண்டு நாள் நூலகக் கணினி இயங்காவிடினும் பெருந்தீங்கில்லை. வங்கியில் ஒரு நிமிடப் பதிவு அழிவதும் பொறுக்கத் தக்கதன்று. தேர்வு முடிவுகளைத் தாங்கிய தரவுத்தளமோ ஆண்டில் சில நாள்களே மாறுகிறது. ஆதலால் அதற்கு அடிக்கடி நகல் தேவையில்லை. ஆனால் முடிவு வெளியாகும் நாளில் அது ஒரு மணி நேரம் முடங்கினாலும் பல்லாயிரம் மாணவர் தவிப்பர்.

இவ்விரு வினாக்களுக்கும் விடை கூற வேண்டியவர் கணினிப் பொறியாளர் அல்லர். அத்தரவைக் கொண்டு பணிசெய்வோரே. 'ஒரு நொடியும் இழக்கலாகாது' என்று சொல்வது எளிது. அதற்குரிய செலவைக் கேட்டபின் பலர் தம் விடையை மாற்றிக்கொள்வதும் உண்டு.

நகல்களின் வகைகள்

தரவுத்தளம் முழுவதையும் ஒருமுறையில் படியெடுப்பது முழுநகல். மீட்பதற்கு எளியது; எடுப்பதற்கு நேரமும் இடமும் மிகுதியாகக் கேட்பது. அதனால் வாரத்திற்கு ஒருமுறை முழுநகலும், இடைப்பட்ட நாள்களில் மாறியவற்றை மட்டும் கொண்ட சிறு நகல்களும் எடுப்பர். சிறு நகல் இருவகைப்படும். முந்தைய நாள் நகலுக்குப் பின் மாறியவற்றை மட்டும் கொண்டது வளர்நகல். கடைசி முழுநகலுக்குப் பின் மாறிய அனைத்தையும் கொண்டது வேறுபாட்டு நகல்.

ஞாயிறு இரவு முழுநகல் எடுக்கப்பட்டு, வியாழன் நண்பகலில் வழங்கி பழுதானதாகக் கொள்வோம். வளர்நகல் முறையில் ஞாயிறு நகலுடன் திங்கள், செவ்வாய், புதன் ஆகிய மூன்று நாள் நகல்களையும் வரிசை தவறாமல் சேர்க்க வேண்டும். செவ்வாய் நகல் கெட்டிருந்தால் புதன் நகலும் பயனற்றுப் போகும். வேறுபாட்டு நகல் முறையில் ஞாயிறு நகலும் புதன் நகலும் போதும். ஆனால் புதன் நகல் மூன்று நாள் மாற்றங்களையும் சுமப்பதால் பெரிதாக இருக்கும். நகலெடுக்கையில் மிச்சமாகும் நேரத்தை மீட்கையில் செலுத்துவது வளர்நகல்; முன்னரே செலுத்திவிடுவது வேறுபாட்டு நகல்.

எம்முறையைக் கொண்டாலும் வியாழன் காலையில் நிகழ்ந்தவை இந்நகல்களில் இல்லை. அவற்றை மீட்கத் துணைபுரிவது மாற்றப் பதிவேடு. தரமான தரவுத்தள மென்பொருள்கள், ஒரு மாற்றத்தைத் தரவுக் கோப்பில் செய்வதற்கு முன் 'இன்னது செய்யப்போகிறேன்' எனப் பதிவேட்டில் எழுதிக்கொள்கின்றன. இடையில் மின்சாரம் நின்றாலும், பதிவேட்டைப் பார்த்து விட்ட பணியைத் தொடர்வதற்காகச் செய்யப்பட்ட ஏற்பாடு இது. பதிவேடு வளர்ந்துகொண்டே போகும் ஆதலால், தேவை முடிந்த பகுதிகளை மென்பொருள் தானே நீக்கிவிடும். நீக்கும் முன் அப்பகுதிகளை வேறிடத்தில் சேர்த்து வைத்தால் அவையே மிகச் சிறந்த காப்புநகலாகின்றன. முழுநகலை முதலில் நிறுவி, அதன்மேல் பதிவேட்டை ஒவ்வொரு வரியாகச் செயற்படுத்தினால், தரவுத்தளம் கடந்த காலத்தின் எந்தக் கணத்திற்கும் கொண்டுவரப்படும். முற்பகல் 11.42க்கு ஒருவர் தவறாக ஓர் அட்டவணையை அழித்தார் எனில், 11.41 வரை செயற்படுத்தி நிறுத்திக்கொள்ளலாம். கிட்லேப் நிறுவனம் இப்பதிவேட்டைச் சேர்த்து வைக்கும் வழக்கத்தை அப்போது மேற்கொண்டிருக்கவில்லை. மேற்கொண்டிருந்தால் துணை வழங்கி பின்தங்கியபோதே அச்சிக்கல் தீர்ந்திருக்கும். அந்த ஆணைக்கே இடமிருந்திராது.

நகலின் வடிவத்திலும் வேறுபாடு உண்டு. தரவைப் படித்து, அதனை மீண்டும் உருவாக்குதற்குரிய கட்டளைகளாக எழுதி வைப்பது ஒருவகை. இதனைப் புதிய பதிப்பு மென்பொருளிலும் ஏற்றலாம். ஓர் அட்டவணையை மட்டும் தனியே மீட்கலாம். ஆனால் பெரிய தரவுத்தளத்தை இவ்வாறு மீட்கையில் ஒவ்வொரு வரியையும் புகுத்தி, அட்டவணைச் சுட்டிகளையும் புதிதாகக் கட்ட வேண்டியிருப்பதால் நெடுநேரம் ஆகும். வன்தட்டில் உள்ள கோப்புகளை அப்படியே படியெடுப்பது மற்றொரு வகை. இது விரைவானது, எனினும் எந்தப் பதிப்பில் எடுக்கப்பட்டதோ அதற்கே பெரிதும் கட்டுப்பட்டது. சிறிய தரவுத்தளத்திற்கு முன்னதும் பெரியதற்குப் பின்னதும் பொருந்தும். இரண்டையும் வைத்துக்கொள்வோரும் உளர்.

இணைநகல் காப்புநகல் ஆகுமா?

துணை வழங்கி ஒன்று முதன்மையின் நிழல்போல் தொடர்கையில் தனியே காப்புநகல் எதற்கு என்று கேட்கத் தோன்றும். ஏடு பெயர்த்தெழுதியோர் மூல ஏட்டின் பிழையையும் சேர்த்தே எழுதினர். அதுபோல் இணைநகலும் நன்மை தீமை அறியாது. முதன்மையில் தவறுதலாக அழிக்கப்பட்ட அட்டவணை அடுத்த விநாடியே துணையிலும் அழிந்துவிடும். வன்பொருள் பழுதுக்கு இணைநகல் நல்ல மருந்து. மனிதப் பிழைக்கும் தீய எண்ணத்திற்கும் அது மருந்தன்று.

டென்மார்க்கைச் சேர்ந்த கப்பல் நிறுவனமாகிய மேர்ஸ்க் இதனைப் பெருவிலை கொடுத்துக் கற்றது. 2017 சூன் 27 அன்று நாட்பெட்யா என்னும் தீநிரல் அதன் கணினிகளில் பரவியது. பயனர் அடையாளங்களைச் சரிபார்க்கும் வழங்கிகள் ஏறத்தாழ 150 உலகெங்கும் இருந்தன. அவை தம்முள் ஒன்றையொன்று ஒத்திசைத்துக்கொண்டமையால் ஒவ்வொன்றும் மற்றவற்றின் காப்பு எனக் கருதப்பட்டது. அனைத்தும் ஒரே வேளையில் அழியும் என எவரும் எண்ணவில்லை. எஞ்சியது ஆப்பிரிக்காவின் கானா நாட்டு அலுவலகத்தில் இருந்த ஒன்று மட்டுமே. தாக்குதலின்போது அங்கு மின்தடை ஏற்பட்டு அவ்வழங்கி இணைப்பின்றி இருந்ததே காரணம். அதிலிருந்த தரவை மனிதர் கையால் இங்கிலாந்துக்குக் கொண்டு சேர்த்தே மீட்பு தொடங்கிற்று. ஏறத்தாழ 4,000 வழங்கிகளையும் 45,000 கணினிகளையும் பத்து நாள்களில் மீண்டும் நிறுவ வேண்டியதாயிற்று.

பிணைப்பணம் கேட்கும் தீநிரல்கள் இப்போது முதலில் காப்புநகல்களையே தேடி அழிக்கின்றன. ஆதலால் ஒரு நகலேனும் வலையிணைப்பிலிருந்து துண்டிக்கப்பட்டதாகவோ, குறித்த காலம் வரை எவராலும் மாற்றவோ நீக்கவோ இயலாததாகவோ இருத்தல் வேண்டும். பழமையானது என எள்ளப்படும் காந்தநாடா பல நிறுவனங்களில் இன்றும் வழக்கில் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். அலமாரியில் இருக்கும் நாடாவை வலைவழியே அழிக்க எவராலும் இயலாது.

தொலைவும் காலமும்

பிரான்சு நாட்டின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் ஓவிஎச் நிறுவனத்தின் தரவு மையம் 2021 மார்ச்சு 10ஆம் நாள் தீப்பற்றியது. ஐந்து தளக் கட்டடம் ஒன்று முற்றிலும் எரிந்தது. வாடிக்கையாளர் சிலருடைய மூலத்தரவும் காப்புநகலும் அதே வளாகத்தில் இருந்து இரண்டும் ஒருங்கே அழிந்தன. மேகக்கணிமை என்ற சொல், தரவு வானில் எங்கோ மிதப்பதான மயக்கத்தைத் தருகிறது. மேகமும் ஏதோ ஓர் ஊரில், ஏதோ ஒரு கட்டடத்தில்தான் இருக்கிறது. தென்கொரியாவின் டேஜோன் நகரில் உள்ள அரசுத் தரவு மையத்தில் 2025 செப்டம்பர் 26ஆம் நாள் ஏற்பட்ட தீ விபத்தில், அரசு அலுவலர்கள் தம் பணிக்கோப்புகளைச் சேமித்த களம் ஒன்று எரிந்தது. அதன் கொள்ளளவு 858 டெராபைட். அளவு மிகப் பெரிது என்பதால் அதற்கு வெளியிடக் காப்புநகல் எடுக்கப்பட்டிருக்கவில்லை.

அமெரிக்க ஒளிப்படக் கலைஞர் பீட்டர் குரோக் தம் படங்களைக் காக்க வகுத்த '3-2-1' என்னும் விதி இன்று கணினித் துறையினர் பலரும் பின்பற்றுவதாக உள்ளது. தரவுக்கு மூன்று படிகள் வேண்டும். அவை இருவகைச் சேமிப்புக் கருவிகளில் இருத்தல் வேண்டும். ஒன்று வேற்றிடத்தில் இருத்தல் வேண்டும். தொலைவிடத்து நகலிலும் ஒரு கணக்கு உண்டு. ஒரு டெராபைட் தரவை விநாடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் திரும்பக் கொண்டுவர ஏறத்தாழ 22 மணி நேரம் ஆகும். மீட்பு நேர எல்லை நான்கு மணி எனில், அந்நகல் இருந்தும் உதவாது. ஆகவே விரைவான மீட்புக்கு அருகில் ஒரு நகலும், பேரிடருக்குத் தொலைவில் ஒரு நகலும் வைப்பர். நகலைப் பிறர் படிக்காதவாறு மறைகுறியாக்கம் செய்வது நன்று. ஆனால் அதன் திறவுகோலை அதே வழங்கியில் வைப்பது, பெட்டியின் சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டுவதாகும்.

எத்தனை நாள் நகல்களை வைத்திருப்பது என்பதும் தேர்வுக்குரியதே. சில பிழைகள் உடனே தெரிவதில்லை. இரண்டு மாதங்களாகத் தவறாகக் கணக்கிட்டுவரும் நிரல் ஒன்று கண்டறியப்படும்போது, கடைசி ஏழு நாள் நகல்கள் அனைத்தும் தவறான தரவையே கொண்டிருக்கும். இதற்கெனத் தாத்தா - தந்தை - மகன் எனப் பெயர் பெற்ற முறை ஒன்றுண்டு. நாள்தோறும் எடுப்பது மகன். வாரந்தோறும் எடுப்பது தந்தை. மாதந்தோறும் எடுப்பது தாத்தா. மகன்களை விரைவில் நீக்கி, தாத்தாக்களை ஓராண்டு அல்லது அதற்கு மேலும் வைத்திருப்பர்.

மீட்டுப் பார்த்தல்

நகல் எடுக்கப்பட்டது என்ற செய்தியால் நகல் நன்றாக இருக்கிறது என்பது உறுதியாகாது. வெற்று வழங்கி ஒன்றில் அந்நகலை நிறுவி, தரவுத்தளத்தை இயக்கி, நேற்றைய பதிவுகள் உள்ளனவா எனத் தேடிக் காண்பதே ஒரே சோதனை. அப்பணிக்கு எடுத்த நேரத்தையும் குறித்துக்கொண்டால், மீட்பு நேர எல்லை வெறும் விருப்பமா அளவிட்டறிந்த உண்மையா என்பது தெரியும். மீட்கும் படிகளை எழுதியவர் அல்லாத வேறொருவரிடம் கொடுத்துச் செய்யச் சொல்வது இன்னும் சிறந்தது. எழுதியவர் தம் நினைவில் வைத்து எழுதாமல் விட்ட படிகள் அப்போதுதான் வெளிப்படும். மீட்புக் குறிப்பேட்டை வழங்கியிலேயே சேமித்து, வழங்கி வீழ்ந்தபின் அதனைத் தேடியோரும் உண்டு. ஆதலால் அதன் அச்சுப்படி ஒன்று வெளியே இருத்தல் நலம்.

கிட்லேப் நிறுவனம் நடந்ததை விரிவான அறிக்கையாக வெளியிட்டது. ஆணையிட்ட பொறியாளர்மேல் குற்றஞ்சாட்டாமல், ஒருவரது கைப்பிழை இத்துணை அழிவாக வளர இடந்தந்த ஏற்பாடுகளையே அது ஆராய்ந்தது. செய்ய வேண்டிய திருத்தங்களையும் பட்டியலிட்டது. மாற்றப் பதிவேட்டைச் சேர்த்து வைத்தல், படிமங்களை மணிக்கொருமுறை எடுத்தல், காப்புநகலிலிருந்து மீட்கும் சோதனையைத் தானியங்கியாக நிகழ்த்துதல், தரவின் பாதுகாப்புக்கெனப் பொறுப்பாளர் ஒருவரை அமர்த்துதல் ஆகியவை அவற்றுள் அடங்கும். பொறியாளர்கள் அன்றிரவே எழுதிக்கொண்ட குறிப்பில் மற்றொன்றும் இருந்தது: ஆணையிடும் திரையின் வண்ணத்தை மாற்ற வேண்டும், உண்மை வழங்கிக்குச் சிவப்பு, சோதனை வழங்கிக்கு மஞ்சள்.